குருவம்மாவுக்கு நான் கொடுத்த நார்

போன வாரம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். மதுரையில் மகள் வீட்டுக்கு அடுத்த தெருவில் புதிதாகத் திறந்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவர், வெள்ளை நாற்காலி, சத்தமில்லாமல் ஓடும் டிவி. மூலையில் ஒரு வெள்ளைத் தொட்டி. அதில் நெட்டுக்குத்தாக நிற்கும் பச்சை இலைகள், ஓரத்தில் மஞ்சள் கரை. எனக்கு முன்னால் ஏழு பேர் இருந்தார்கள். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் சேலைத் தலைப்பிலிருந்து நூலையாவது உருவிக்கொண்டிருப்பேன். அன்றைக்குத் தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரிவதற்குள் ஓர் இலையின் நுனியைக் கட்டைவிரல் நகத்தால் கீறி, சதையை வழித்து, நாலைந்து வெள்ளை நாரை உருவி எடுத்திருந்தேன்.

“ஆன்ட்டி, அதைத் தொடாதீங்க, ப்ளீஸ். ஸ்நேக் பிளான்ட். காத்தைச் சுத்தம் பண்ணும்” என்றாள் வரவேற்பறைப் பெண். ஏழு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அறுபதை நெருங்கும் வயதில் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினாற்போல ஆகிவிட்டது. நாரைக் கைக்குட்டைக்குள் சுருட்டிக்கொண்டு, வலி அதிகமானவள் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் அதற்கு மருள் என்று பெயர். தொட்டியில் இருந்தது சீமைச் சரக்கு. எங்கள் மருளுக்கு இலை ஒடுக்கம், உட்பக்கம் குழிந்திருக்கும், கரும்பச்சையில் குறுக்குப் பட்டைகள் ஓடும். யாரும் தண்ணீர் ஊற்றாத வேலியோரமாகப் பார்த்துத் தானே வளரும். இன்றைக்கு அதன் பணக்காரச் சொந்தக்காரர் ஏசி அறையில் உட்கார்ந்து காற்றைச் சுத்தம் செய்கிறார். கைக்குட்டையை மோந்து பார்த்தேன். வெள்ளரிக்காயைக் கீறினாற்போல ஒரு பச்சை வாடை, அதற்கு உள்ளே லேசான காரல். ஊசி போட்டு வாய் மரத்துக் கிடந்த நேரம் முழுக்க அந்த வாடை மூக்கை விட்டுப் போகவில்லை. பல் போன இடம் கூட இப்போது ஆறிவிட்டது. இது ஆறவில்லை. அதனால்தான் உங்களிடம் சொல்ல உட்கார்ந்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம், குளிக்கிற தண்ணீர் ஓடும் வாய்க்காலை ஒட்டி ஒரு பாத்தி மருள் இருந்தது. அம்மாவுக்குச் சொந்த ஊர் மகாராஜபுரம். கல்யாணமாகி வரும்போது குடம், அண்டாவோடு ஒரு சாக்கில் மருள் கிழங்கையும் கட்டிக்கொண்டு வந்தவள் என்று அப்பா கேலி செய்வார். காதுவலி என்றால் இலையை அனலில் வாட்டிப் பிழிந்து ரெண்டு சொட்டு விடுவாள். வலி போனதோ இல்லையோ, காதுக்குள் நொளுநொளுவென்று நிற்கும் அந்தச் சாற்றுக்குப் பயந்தே எங்களுக்குக் காதுவலி வருவது குறைந்துவிட்டது. மற்றபடி அது பூக்கட்டுவதற்கு. எங்கள் ஊரில் பூமாலையைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது. கோபுரத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் எல்லோரும் வாழைநாரில்தான் கட்டுவார்கள். அம்மா மட்டும் வாழைநார் காய்ந்தால் அறுந்துவிடும் என்று மருளை விடமாட்டாள். இலையைப் பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் வழித்து, அலசி, நிழலில் உலர்த்தி, சீப்பால் சீவி வைப்பாள். பட்டு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். இழுத்தால் விரல்தான் அறுபடும்.

நான் அந்த நாரை ஒரு பிடி எடுத்துக் கைப்பையில் எப்போதும் வைத்திருப்பேன். காலையில் ஒரு கிண்ணம் பிச்சி மொட்டையும் எடுத்துக்கொண்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறினால், இறங்குவதற்குள் தலைக்கு வேண்டிய சரம் ரெடி. பக்கத்து இருக்கைப் பெண்களுக்கு என்னோடு வருவது கொஞ்சம் இம்சைதான். முழங்கை அவர்கள் விலாவில் இடித்துக்கொண்டே இருக்கும். ஒரு அம்மாள், “ஏட்டி, உன் கைக்கு ஒரு நாள் லீவு குடேன்” என்று சொன்னாள். எண்பதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் லேப் அசிஸ்டென்டாக வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

லேப் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நாலு மேசை, ஒரு தராசு, ஒரு மைக்ராஸ்கோப், நூலின் வலுவைப் பார்க்க ஒரு மிஷின், நூலைச் சுற்றிக் குற்றம் பார்க்க ஒரு கறுப்புப் பலகை. இன்சார்ஜ் சார் தெலுங்கு பேசும் ராஜபாளையத்துக்காரர். என்னை அம்மாயி என்றுதான் கூப்பிடுவார். அதாவது பெண்ணே என்று. அவருக்குக் கீழே நான் ஒருத்திதான். ஆனாலும் சம்பளப் பட்டியலில் நான் ‘ஸ்டாஃப்’. அந்த ஒரு வார்த்தைக்கு மில்லுக்குள் இருந்த மதிப்பை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். ஸ்டாஃப் வாசல் வேறு, தொழிலாளர் வாசல் வேறு. ஸ்டாஃபுக்கு டீ கண்ணாடி டம்ளரில் மேசைக்கு வரும். ஸ்டாஃப் தலையில் பூ வைத்துக்கொள்ளலாம்.

பூ விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். பேல் கட்டாக வரும் பஞ்சை உடைத்து, கையால் பிய்த்து, அதில் கிடக்கும் சாக்கு நூல், தலைமுடி, கோழி இறகு, இலைத்தூள் எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்கிற இடத்துக்கு மிக்சிங் என்று பெயர். அங்கே தவறவிட்ட ஒரு முடி, மிஷின்களில் நசுங்கிக் கிழிந்து நூலோடு நூலாக முறுக்கிக்கொண்டு போய்விடும். பிறகு அதைக் கடவுளாலும் பிரிக்க முடியாது. அதனால் மிக்சிங் பெண்களுக்குச் சட்டம் கடுமை. பூ கூடாது, கலர் ரிப்பன் கூடாது, ரப்பர் பேண்டு கூடாது, சணல் கயிறு கிட்டேயே வரக்கூடாது. தலையை மூடி வெள்ளைத் துணி கட்டியிருக்க வேண்டும். தினமும் ரெண்டு வேளை அங்கே போய்ப் பஞ்சு சாம்பிள் எடுப்பது என் வேலை. பிச்சிப்பூ மணக்க மணக்க நான் போய் அந்தப் பஞ்சின் மேல் குனிவேன். எனக்குச் சட்டம் கிடையாது. அதில் ஒரு கோணல் இருப்பது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை.

மிக்சிங்கில் பகல் ஷிஃப்டுக்குப் பன்னிரண்டு பெண்கள். எல்லோரும் தளவாய்புரத்திலிருந்து ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள். என்னை லேப்புப் பாப்பா என்று கூப்பிடுவார்கள். நான் போனால் வேலையை நிறுத்தாமலே பேச்சை ஆரம்பிப்பார்கள். மகாராஜபுரத்தில் உங்க மாமா வீட்டில் மாடு கன்று போட்டதா என்பது வரைக்கும் விசாரிப்பார்கள். அதில் குருவம்மாவுக்கு என் மேல் தனிப் பிரியம். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் ஊரில் பாவாடை தைக்கும் டெய்லர், ஒரே மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷமாக டெம்பரரி. அந்த வருஷம் பன்னிரண்டு பேரையும் பெர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பெர்மனென்ட் ஆனால் பெயர் போட்ட அட்டை கொடுப்பார்கள், அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன் என்று குருவம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எண்ணெய் வழுக்கும் அடர்த்தியான முடி. தலைத்துணி நிற்காது. குனிந்து நிமிர்ந்தால் சரிந்து கண்ணை மறைக்கும். வாசலில் பரிசோதிக்கிற அம்மாள் அதற்காக அவளை ரெண்டு தடவை திட்டியிருந்தாள். ஒருநாள் நான் சாம்பிள் எடுக்கும்போது அவள் துணியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குக் கை அரித்தது. பையிலிருந்த மருள் நாரை எடுத்து, நின்ற நிலையிலேயே மூன்று பிரியாக முறுக்கி, முழ நீளத்துக்கு ஒரு கயிறு திரித்து, அவள் கொண்டையைச் சுற்றித் துணியோடு இறுக்கிக் கட்டிவிட்டேன். அவள் தலையை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

“ஒண்ணும் ஆகாதுல்ல பாப்பா?” என்று கேட்டாள்.

“வெள்ளையாத்தான்க்கா இருக்கு. பஞ்சுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது” என்றேன்.

இதை எழுதும்போது இப்பவும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லேப்பில் ஒரு வருஷம் குப்பை கொட்டியவள் பேசுகிற பேச்சா அது? கலர் நூல் விழுந்தால் மிக்சிங் பெண்கள் கண்டுபிடித்துப் பொறுக்கிவிடுவார்கள். வெள்ளையில் வெள்ளை விழுந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. சாயத்தில் முக்கும்போதுதான் தெரியும். பஞ்சு சாயத்தைக் குடிக்கிற மாதிரி அந்த நார் குடிக்காது. இது எனக்குப் பாடமாகத் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் முழு மார்க் வாங்கியிருப்பேன். அவளுக்கு உதவி செய்துவிட்ட பெருமையில் விசிலடிக்காத குறையாக லேப்புக்குத் திரும்பினேன். அந்தக் கயிறு பிரிந்துபோனபோதெல்லாம் புதிதாகத் திரித்தும் கொடுத்தேன். பிரிந்த பழைய நார் எங்கே போயிற்று என்று கேட்கவில்லை.

ரெண்டு மாதம் கழித்துப் புகார் வந்தது. நூல் வாங்கிய வெளியூர்க்காரர், கருநீலச் சாயம் ஏற்றிய துணியில் நாலு துண்டு வெட்டி அனுப்பியிருந்தார். நீலத்தில் அங்கங்கே விரல்கணு நீளத்துக்கு மயிர் போல் வெள்ளைக் கோடு. இன்சார்ஜ் சார் துணியைப் பார்த்ததுமே சலித்துக்கொண்டார். பேல் கட்டிவரும் சாக்கின் சணல்தான், அப்படியே எழுதிவிடு அம்மாயி, பழியைப் பஞ்சு வியாபாரி தலையில் போடலாம் என்றார். அவர் சொன்னபடி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எனக்குத்தான் படித்த திமிர். ஊசியால் ஒரு கோட்டை நெம்பி எடுத்து, கண்ணாடியில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பஞ்சு இழை முறுக்கிய நாடா மாதிரி தெரியும். இது முறுக்கே இல்லாமல் நேராக இருந்தது. சணலின் பழுப்பும் இல்லை, சணலின் கணுவும் இல்லை.

“சணல் இல்ல சார். இலையில இருந்து எடுத்த நார்” என்றேன், பரிசு வாங்கப்போகிறவள் மாதிரி.

அவர் எழுந்துவந்து லென்ஸில் கண்ணை வைத்தார். நான் பக்கத்தில் நின்று வழக்கம்போல ஏதோ ஒன்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். என்ன சுற்றுகிறேன் என்று குனிந்து பார்த்தேன். மருள் நார். கை அப்படியே நின்றுவிட்டது.  சார் நிமிர்ந்து, கெட்டிக்காரி என்று என்னைப் பாராட்டிவிட்டு, இலை நார் என்று என்னையே எழுதவைத்து, அறிக்கையை அவரே கையில் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். நான் நாரைப் பைக்குள் திணித்தேன். பிறகு பையிலிருந்து எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். பிறகு கூடையிலிருந்து எடுத்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். திருடி கூட இவ்வளவு பதறமாட்டாள்.

அரை மணி நேரத்தில் மிக்சிங்கில் எல்லோர் தலைத்துணியையும் அவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை. என்னை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசை மேல் நான் திரித்த கயிறு கிடந்தது. கதவோரம் குருவம்மா நின்றுகொண்டிருந்தாள். கொண்டை அவிழ்ந்து முடி முதுகில் கிடந்தது. தலைத்துணியை ரெண்டு கையாலும் பிடித்திருந்தாள். துணியில் வந்த நாரும் இந்தக் கயிறும் ஒன்றுதானா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். ஒன்றுதான் சார் என்றேன். அது உண்மைதான். உண்மையைச் சொல்லும்போது நாக்கு அப்படி ஒட்டிக்கொள்ளும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மேனேஜர் அவள் பக்கம் திரும்பி, இது உனக்கு எங்கே கிடைத்தது என்று கேட்டார். குருவம்மா என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. நான் பேசுவதற்காகக் காத்திருந்தாள், அவ்வளவுதான். மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அந்த மேசையின் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

“வேலியில கெடந்துச்சு சார். நானா எடுத்துக் கட்டிக்கிட்டேன்” என்றாள் குருவம்மா.

அதன்பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மேனேஜர் அறைக்கு மாடிப்படி பதினாறு. ஒரே வாரத்தில் ஐந்து தடவை ஏறினேன். ஒரு தடவை ஆள் உள்ளே இருந்தார், ஒரு தடவை போனில் இருந்தார், ஒரு தடவை சும்மாதான் இருந்தார். நான் ரிஜிஸ்டரை நீட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். இன்சார்ஜ் சாரிடம் மட்டும் ஒருவழியாகச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், பயந்தாங்கொள்ளி. நீ சொன்னால் அவளோடு சேர்த்து உன்னையும் அனுப்புவார்கள், உனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற நேரம், பேசாமல் இரு என்றார். அதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

நிம்மதியும் ஒரு சாயங்காலத்துக்கு மேல் தாங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பத்தோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். எல்லோரும் தண்ணீரில் கும்மாளம் போட்டார்கள். நான் ஈரத்தலையோடு பாறையில் உட்கார்ந்திருந்தேன். புதருக்குள் பார்த்தால் மருள். அந்தப்பக்கம் திரும்பினால் அங்கேயும் மருள். தங்கச்சி ஒரு இலையைப் பார்த்துப் பாம்பு என்று அலறியபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன், ஒரு வாய் போகவில்லை. அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் இல்லை என்றாள்.

பெர்மனென்ட் பட்டியலை ஒட்டினார்கள். பதினோரு பெயர். குருவம்மாவுக்கு மட்டும், கூப்பிட்டு அனுப்புகிறோம் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதோடு ஒரு புதுச் சட்டமும் வந்தது. மிக்சிங் பெண்கள் காலையில் உள்ளே வருமுன் கொண்டையை அவிழ்த்து, குனிந்து, முடியை உதறிக் காட்ட வேண்டும். தொழிலாளர் வாசலில், வாட்ச்மேன், லாரி டிரைவர் எல்லோரும் பார்க்க. அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று முகத்தைப் பார்த்தாலே தெரியும். தலைவிரிகோலமாக நிற்பது எதற்கு, யாருக்கு என்று எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. நான் பூ வைப்பதை நிறுத்திவிட்டேன். பக்கத்திலிருந்த ஸ்டாஃப் வாசல் வழியாகத் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவேன். அவர்கள் என்னிடம் வழக்கம்போலத்தான் பேசினார்கள். குருவம்மாவை மட்டும் பெயர் சொல்லாமல் “அந்த மூதேவி” என்றார்கள்.

அது காதில் விழுந்த அன்றைக்கே, வேலை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறாமல் தளவாய்புரம் பஸ்ஸில் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. குருவம்மா வாசலில் பாவாடைகளுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். உள்ளே அவள் கணவரின் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, பாய் விரித்து, கலர் சோடா வாங்கிவர மகளை அனுப்பினாள். உட்கார்ந்ததும் நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஏன் அக்கா என் பேரைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்களே சொல்லுவியன்னு செத்த நேரம் நின்னு பாத்தேன் பாப்பா. நீங்க சொல்லாததை நான் சொன்னா அது போட்டுக் குடுக்கதுதான?” என்றாள். கோத்த நாடாவைச் சுண்டி முடிச்சுப் போட்டாள். “வேலை போனா போகுது. இவியளுக்கும் கைக்கு ஆள் வேணும்தான். ஆனா அவளுக பதினோரு பேரும் எங்கூடப் பேச மாட்டேங்காளுக. தண்ணிக்குப் போனா குடத்த எடுத்துட்டு நகந்துக்கிடுதாளுக. ஆறு வருசம் ஒரே சட்டியில குழம்பு ஊத்தித் தின்னவளுக. அவளுகட்ட மட்டும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அம்புட்டுப் போதும்.”

மறுநாள் காலையிலேயே வருகிறேன் என்றேன். தள்ளிப்போட்டால் நான் வரமாட்டேன் என்று எனக்குத் தெரியும். விடியற்காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு, ராஜபாளையத்தில் மாறி, ஆறேகாலுக்குத் தளவாய்புரம் நிறுத்தத்தில் இறங்கினேன். அவர்கள் தூக்குவாளியும் பையுமாக வந்துகொண்டிருந்தார்கள். சாலைக்கு அந்தப்பக்கம், டீக்கடைக்குப் பக்கத்தில் குருவம்மா வந்து நின்றாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். அந்தக் கயிற்றைக் கொடுத்தது நான். வெள்ளையாகத்தான் இருக்கிறது, வித்தியாசம் தெரியாது என்று சொன்னதும் நான். மேனேஜர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு நின்றதும் நான். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஒன்றையும் விடவில்லை. இந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை.

 சண்முகத்தாய் முன்னால் வந்தாள். அந்தப் பன்னிரண்டு பேரில் மூத்தவள், எல்லோருக்காகவும் பேசுகிறவள். என் கையைப் பிடித்தாள்.

“உங்க மனசு யாருக்கு வரும் பாப்பா” என்றாள். “எதுக்கு அவளுக்காகப் பொய் சொல்லி உங்க பேரைக் கெடுத்துக்கிடுதிய? அது என்ன நாருன்னு கண்ணாடியில பாத்துக் கண்டுபிடிச்சதே நீங்க. தெரிஞ்ச நீங்களே போயி அதக் குடுத்திருப்பியளா? நாங்க படிக்காதவுகதான், அதுக்காக இதுகூடவா புரியாது?”

இல்லை அக்கா, நிஜமாகவே நான்தான் என்றேன். கோபத்தில் குரல் உயர்ந்துவிட்டது. நான் எவ்வளவு சொன்னேனோ அவ்வளவுக்கு அவர்கள் கண்ணில் ஈரம் கூடியது. ஒருத்தி முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். சண்முகத்தாய் சாலைக்கு அந்தப்பக்கம் பார்த்து, “ஏட்டி, உனக்கு வெக்கமா இல்லையா? அந்தப் பச்சப்புள்ளைய வீட்டுக்கு வரவச்சு அழவச்சு, பொய் சொல்லக் கூட்டிட்டு வந்திருக்கியே” என்றாள்.  டீக்கடைக்காரர் கூட குருவம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பஸ் வந்தது. எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார வைத்தார்கள். பஸ் திரும்பும்போது பார்த்தேன், அவள் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

மில் வாசலில் அந்தப் பதினோரு பேரும் கொண்டையை அவிழ்த்துக் குனிந்தார்கள். நான் ஸ்டாஃப் வாசலுக்குப் போகாமல் அவர்கள் பின்னாலேயே நுழைந்து நேராக மாடி ஏறினேன். மேனேஜரிடமும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். அறிக்கை போயாகிவிட்டது, வாடிக்கையாளர் சமாதானமாகிவிட்டார், நீ லேப்புக்குப் போ என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பவும் இல்லை. எந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேனோ அது கடைசியில் இவ்வளவுதான்.

அடுத்த தை மாதம் எனக்குக் கல்யாணமாகி ஊரை விட்டுப் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தடவை தளவாய்புரம் போய் விசாரித்தபோது, குருவம்மா குடும்பத்தோடு திருப்பூர் போய் நாலு வருஷம் ஆகிறது என்றார்கள். முகவரி யாரிடமும் இல்லை. கொஞ்ச காலத்தில் அந்த மில்லையும் மூடிவிட்டார்கள். மிக்சிங் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். ரெண்டு வாசலும் இல்லை, சுற்றுச்சுவரையே இடித்துவிட்டார்கள். பஞ்சில் விழுந்ததைப் பொறுக்க இன்றைக்கு மில்களில் கேமரா வைத்த மிஷின் வந்துவிட்டதாம். இன்சார்ஜ் சாரும் மேனேஜரும் இறந்துவிட்டார்கள். என் கையெழுத்தில் ‘இலை நார்’ என்று எழுதிய அந்த அறிக்கை எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயிற்றோ தெரியாது. அன்றைக்கு அந்த நிறுத்தத்தில் நான் சொன்னது உண்மை என்று தெரிந்தவள் இனி குருவம்மா ஒருத்திதான், அவள் எங்கே என்றே எனக்குத் தெரியாது. அந்தப் பதினோரு பேரில் யாராவது இன்றைக்கு உயிரோடு இருந்தால், தன் பேரப்பிள்ளைகளிடம் என்னைப் பற்றித் தங்கமான பிள்ளை என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பாள்.